பழைய மாத்திரையே எழுதுங்க சார்

அன்புள்ள தம்பிக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உனக்குப் புரிந்திருக்கும்: உன் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் நோயைச் சொல்ல வருவதில்லை, மாத்திரை வாங்க வருகிறார்கள். சுகர் நோட்டை நீட்டி, "பழைய மாத்திரையே எழுதுங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார்கள். வரிசை வராந்தாவைத் தாண்டி நிற்கும். முந்தைய பக்கத்தில் இருப்பதை அப்படியே இறக்கிக் கையெழுத்துப் போட அரை நிமிடம் போதும். ஆனால், முதலில் எழுதியவர் பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியராகவே இருந்தாலும், இன்றைக்கு அந்த மருந்தை எழுதுவது நீ. இன்றைய தேதியும் உன் கையெழுத்தும்தான் அதற்குப் பொறுப்பு.

"ஒழுங்கா மாத்திரை போடுறீங்களா?" என்று மட்டும் கேட்காதே. "போடுறேன் சார்" என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் வராது. "வீட்டில எத்தனை மாத்திரை மீதி இருக்கு?" என்று கேள். முடிந்தால் அடுத்த முறை பையோடு கொண்டுவரச் சொல். முப்பது நாளுக்குக் கொடுத்ததில் பன்னிரண்டு மீதியிருந்தால், திட்டாமல் எந்த மாத்திரை மீதி என்று பார். மெட்ஃபார்மின் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் வயிற்றுப்போக்குதான் காரணம்; சாப்பாட்டோடு போடச் சொன்னாலே பலருக்குச் சரியாகிவிடும். நீர் பிரியும் மாத்திரை மட்டும் மிஞ்சினால் அவர் என்ன வேலைக்குப் போகிறார் என்று கேள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், ஒதுங்க இடமில்லாத இடத்தில், அந்த மாத்திரையை எப்படிப் போடுவார்கள்? சிலரிடம் மாத்திரை முன்கூட்டியே தீர்ந்துபோயிருக்கும். "அவருக்கும் பிரஷர்தான் சார், இங்கெல்லாம் வரமாட்டாரு, அதான் இதுலயே குடுத்துட்டேன்" என்று வீட்டுக்காரரைக் காட்டிக் கொடுப்பார்கள். உனக்குப் புதிதாக ஒரு நோயாளி கிடைத்தார்.

இன்னொரு கேள்வி: "இன்னிக்குக் காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்ன நாளில் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் ஏராளம். ரத்த அழுத்தம் 170 காட்டும். நீ அம்லோடிபினை ஐந்திலிருந்து பத்தாக்குவாய். மறுநாள் விட்டுப்போன மாத்திரைகளும் நீ கூட்டிய அளவும் சேர்ந்து வேலை செய்ய, அவர் கொல்லையில் தலைசுற்றி விழுவார். வெறும் வயிற்றில் நிறுத்த வேண்டியது சுகர் மாத்திரையை மட்டும்தான், பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வரலாம் என்று நோட்டிலேயே எழுதிக் கொடு.

நோட்டில் இருப்பது மாறாது, ஆள் மாறிக்கொண்டே இருப்பார். இதை நீ எவ்வளவு நினைவில் வைத்தாலும் தகும். எழுபத்திரண்டு வயது, நாற்பது கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்குக் கிரியாட்டினின் 1.2 என்று வந்தால் பல லேப்களின் தாளில் அது நார்மல் கட்டத்துக்குள்தான் இருக்கும். காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கைப் போட்டுப் பார்; சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 27 மில்லியைத் தாண்டாது. அந்தச் சிறுநீரகத்துக்குக் கிளிபென்கிளமைடு ஆபத்து. மருந்து உடம்பில் தங்கி, ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் சுகர் இறங்கி, விடியற்காலையில் பக்கவாதம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழைய நோட்டுகளில் இந்தப் பெயரை இன்னும் பார்ப்பாய். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஏற்றதல்ல என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. சிறுநீரகம் அந்த நிலையில் இருக்கும்போது மெட்ஃபார்மினையும் தொடரக் கூடாது. பல வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறவர் கால் மதமதப்பு என்றால், சுகர் நரம்பைத் தாக்கிவிட்டது என்று முடிவுகட்டுமுன் பி12 குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடு.

நோட்டு மாறாமல் ஆள் மாறுவது வலிப்பு மாத்திரையில் இன்னும் கூர்மையாகத் தெரியும். பன்னிரண்டு வயதில் சோடியம் வால்ப்ரோவேட் ஆரம்பித்த பெண்ணுக்கு இப்போது இருபது. நோட்டு அதேதான், மாத்திரை அதேதான். தை மாதம் கல்யாணம் என்பது உனக்குத் தெரியாது. அம்மா சொல்லமாட்டார், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அந்த மருந்தோடு கருவுற்றால் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகலாம், அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். பயந்து அவளாகவே நிறுத்தினால் வலிப்பு வரிசையாக வந்து உயிருக்கே ஆபத்து. அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசு. மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லி, ஃபோலிக் அமிலமும் எழுதி, கல்யாணத்துக்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பு. அரை நிமிடத்தில் இது முடியாது, வரிசை முணுமுணுக்கட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதே. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தால்தான் மாத்திரை என்று திருப்பி அனுப்பும் இளம் டாக்டர்கள் இருக்கிறார்கள். கண்டிப்பு என்று அவர்களுக்கு நினைப்பு. ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். மூன்று மாதம் கழித்து வாய் கோணி வருவார். பரிசோதனை பாக்கி என்றால் இரண்டு வாரத்துக்காவது மாத்திரை கொடுத்து அனுப்பு.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு மாத்திரை வாசலுக்கே போகிறது. நல்ல காரியம். ஆனால் டாக்டர் பார்க்காமலே மாதங்கள் ஓடவும் அதனால் வழியுண்டு. மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர் அக்காக்களோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசு. யார் வீட்டில் அட்டை பிரிக்காமல் கிடக்கிறது, யார் தனியார் டாக்டரிடமும் போகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தனியார் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும், அரசு அட்டையில் மருந்தின் மூலப்பெயர். இரண்டும் ஒரே கிளிமிபிரைடு என்று தெரியாமல் இரண்டையும் போடுகிறவர்களை அந்த அக்காக்களே உனக்குக் கண்டுபிடித்துத் தருவார்கள்.

வெளியே வாங்கச் சொல்லி எழுதும் சீட்டில் எத்தனை மாதம் தரலாம் என்று எழுது. மருத்துவர் அப்படிக் குறிப்பிடாவிட்டால், டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்தை ஒரே சீட்டுக்கு இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது என்கிறது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆம் விதி. நடைமுறையில் காலி அட்டையைக் காட்டினாலே கொடுக்கும் கடைகள் உண்டு. ஐந்து நாளுக்கு எழுதிய பிரெட்னிசொலோனை மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் வாங்கிப் போட்டவரின் முகம் உப்பியிருக்கும். பார்த்த மாத்திரத்தில் நிறுத்திவிடாதே. அளவை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு கிளம்புகிற காலம் ஒன்று வரும். அப்போது, "வெளியூர் போறீங்களா, எப்ப வருவீங்க?" என்று எல்லாரிடமும் கேள். ஸ்டாக் இருந்தால் கூடுதலாகக் கொடு. மூலப்பெயரும் மில்லிகிராமும் பெரிய எழுத்தில் தெளிவாக எழுது, கேரளாவிலோ பெங்களூரிலோ இருக்கும் டாக்டர் அதைப் படிக்க வேண்டும். உன் போன் நம்பரையும் எழுதலாமா என்று கேட்பாய். தாராளமாக எழுது. நீ பயப்படுகிற அளவுக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்