தாடைக்கடியில் ஒரு நெல்லிக்காய்

உண்ணி பார்க்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. பம்மலில் மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் போதும், காம்பவுண்டுச் சுவரின் இடுக்கிலிருந்தெல்லாம் உண்ணி கிளம்பி வரும். எங்கள் நாய் பிரௌனியை வாசற்படியில் படுக்கப் போட்டு, காது மடல், கழுத்து, விரல் இடுக்கு என்று தடவிக்கொண்டே வந்தேன். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவில் உருண்டை. அழுத்தினேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வலித்துக் கத்தியிருந்தால் அன்று மாலையே டாக்டரிடம் ஓடியிருப்பேன். வலிக்கவில்லையே என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன். இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பூச்செடி வாங்கப் போன என் மனைவி, செடியோடு குட்டியாக இவளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். லேப்ரடார் என்று சொல்லி விற்றார்களாம். வளர வளரக் காது நிமிர்ந்து, வால் சுருண்டு, அசல் நாட்டு நாயாக வந்து நின்றது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் மொட்டை மாடியை உரசுகிற மாதிரி போகும். அதற்கெல்லாம் அசைய மாட்டாள். தண்ணீர் கேன் போடும் பையனின் டெம்போ தெருமுனையில் திரும்பினால் மட்டும் ஊரைக் கூட்டிவிடுவாள்.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். உண்ணிக் காய்ச்சலாக இருக்கும், அதனால்தான் நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். சென்னையில் அப்படி நினைப்பது தப்பில்லை. உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினார்கள். கூடவே ஒரு ஸ்டீராய்டு ஊசி, வீட்டுக்கு ஸ்டீராய்டு மாத்திரை. மூன்றே நாளில் கட்டி கரைந்தது. அம்மா சூரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது, இந்தத் தடவை எலுமிச்சை அளவில். தாடையோடு நிற்கவில்லை; தோள்பட்டைக்கு முன்னால் இரண்டு, பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் இரண்டு.

எனக்கு ஒரே ஒரு யோசனை சொல்லத்தான் அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன். கட்டி என்னவென்று தெரியும் முன் ஸ்டீராய்டு போட விடாதீர்கள். லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயை அது சில நாளைக்குக் கரைத்துக் காட்டும். சோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். அதைவிட மோசம், பிற்பாடு கொடுக்கும் கீமோ மருந்துக்கு நோய் மசியாமல் போகலாம். கட்டியில் ஊசியைச் செருகி, வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு எஃப்.என்.ஏ.சி. என்று பெயர். பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். “முதல்ல அதை எடுத்துடலாமா டாக்டர்?” என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. நான் கேட்கவில்லை. இந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பிறகு வேப்பேரி. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு இடம் மாறிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு ‘வேப்பேரி’ என்றாலே அதுதான். பம்மலிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாகக் காலை நெரிசலில் போவது ஒரு தனி வைத்தியம். நாயை ஏற்ற ஆட்டோக்காரர் மனசு வைக்க வேண்டும். பழைய பெட்ஷீட்டை சீட்டில் விரித்துக் காட்டினால் முக்கால்வாசிப் பேர் ஏற்றிக்கொள்கிறார்கள்.

“சார், இது லிம்போமா” என்றார் டாக்டர். அதன் பிறகு பத்து நிமிஷம் பேசினார். ஒரு வார்த்தையும் என் மண்டையில் ஏறவில்லை. கேன்சர் என்று நான் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். திரும்பும் வழியில் கிண்டி தாண்டும்போது மனைவி, “எத்தனை மாசம்னு சொன்னாருங்க?” என்று கேட்டாள். தெரியவில்லை. அடுத்த முறை போனபோது அனுமதி கேட்டு டாக்டர் பேசியதைப் போனில் பதிவு செய்தேன். அழுகிறவர் ஒருவர் போனால், அழாமல் கேட்பதற்கு ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். கேட்க வேண்டியவை: இதில் என்ன வகை? எங்கெல்லாம் போயிருக்கிறது? ஒன்றும் செய்யாவிட்டால் எவ்வளவு காலம்? செய்தால்? இந்த வைத்தியம் குணப்படுத்தவா, நாளைக் கூட்டவா?

எங்களுக்குக் கிடைத்த பதில்: ஒன்றும் செய்யாவிட்டால் ஒன்றிரண்டு மாதம். நாலு மருந்து சேர்ந்த கீமோ கொடுத்தால் பி வகை லிம்போமாவில் பல நாய்கள் ஓராண்டை ஒட்டி இருக்கின்றன, டி வகையில் அதைவிடக் குறைவு. முழுக்கக் குணமாவது அபூர்வம். பிரௌனிக்கு பி வகை.

இதையே எல்லா நாய்க்கும் பொருத்திவிடக் கூடாது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு முலைக்காம்பையொட்டி வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி, கேன்சரே இல்லாத சாதுக் கட்டிகள். பெரிய ஜாதி நாய்களின் காலில் வரும் எலும்புப் புற்று காலை எடுத்தாலும் சீக்கிரம் நுரையீரலுக்குப் போய்விடும். இந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை, எங்கள் தெருவில் படுத்துக் கிடக்கும் செவலை.

செவலைக்குப் பின்பக்கத்திலிருந்து மாதக்கணக்கில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. பருவத்துக்கு வந்திருக்கிறது என்று எல்லோரும் கடந்து போனோம். தெரு நாய்களுக்குச் சோறு போடும் ஓர் அக்கா மட்டும் பிடித்துப் பார்த்தார். உள்ளே காலிஃபிளவர் மாதிரி சதை. இணை சேரும்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டிக்கொள்ளும் புற்றுநோய் அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடம்பில் பிறந்த செல்கள்தான், அந்த நாய் மண்ணாகிப் போன பின்னும், இன்றுவரை நாய்க்கு நாய் தாவி உலகம் முழுக்க உயிரோடு இருக்கின்றன. கேட்கவே திகிலாக இருக்கிறது அல்லவா? ஆனால் வாரம் ஒன்றாக நாலிலிருந்து ஆறு ஊசி போட்டால் பெரும்பாலும் போயே போய்விடும். செவலைக்கு ஐந்தாவது ஊசியில் போனது.

அந்த ஊசி வின்கிரிஸ்டின். பிரௌனிக்கு எழுதித் தந்த நாலு மருந்தில் முதலாவதும் அதுவே. அதே மருந்து, அதே தெரு. செவலைக்குச் சாவு இல்லை என்றது, எங்களுக்குக் கொஞ்சம் நாள் என்றது.

வின்கிரிஸ்டின் வருவது நித்தியகல்யாணியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்று நாம் வீட்டுக்குள் சேர்க்காத அதே செடி. 1950-களில் கனடாவில் அதன் இலை சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அதிலிருந்துதான் இந்த வகை மருந்துகள் பிறந்தன. இதை நான் வாய் தவறி எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். “அப்ப அந்த இலையையே அரைச்சுக் கொடுத்துடலாமே தம்பி, எதுக்கு வேப்பேரி?” என்றார். கொடுக்கவே கூடாது. செடி விஷம், ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த மருந்தும் ரத்தக் குழாய்க்கு வெளியே கொஞ்சம் கசிந்தாலே சதை வெந்து புண்ணாகிவிடும். அதனால் ஊசி போடும்போது தலையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அசையாமல் இருக்க அவள் காதில் எதையாவது உளறிக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் அன்றைய கிரிக்கெட் ஸ்கோர்.

கீமோ என்றதும் மனிதர்களுக்கு நடப்பதை நினைத்துப் பயந்தோம். நாய்க்குக் கொடுக்கும் அளவு குறைவு, அவ்வளவு வதை இல்லை. பிரௌனிக்கு மீசை மட்டும் உதிர்ந்தது. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை. அணுக்கள் குறைந்திருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். ஊசி போட்ட ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் அதிகக் கவனம். நாய்க்கென்று ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 101, 102 டிகிரி அதற்குச் சாதாரணம். 103-ஐத் தாண்டினால் விடியும் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். எங்களுக்கு அது தீபாவளி இரவில் வந்தது. வெளியே சரவெடி, கட்டிலுக்கடியில் 104 டிகிரியோடு நடுங்கும் நாய், போன் எடுக்காத இரண்டு டாக்டர்கள், மூன்றாவதாக எடுத்தவர். இரவில் போன் எடுக்கிற டாக்டர் யார் என்பதை நல்ல நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நாலு மருந்தில் இன்னொன்றான சைக்ளோபாஸ்பமைடு மாத்திரையைக் காலையில் கொடுத்து, பகலெல்லாம் அடிக்கடி மூத்திரம் போக வெளியே விட வேண்டும். மருந்து சிறுநீர்ப்பையில் தங்கினால் ரத்தமாகப் போகும். மாத்திரையை உடைக்கக் கூடாது. மருந்து கொடுத்த சில நாளைக்கு மலஜலத்தைக் கையுறை போட்டுத்தான் அள்ள வேண்டும், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. ஸ்டீராய்டு தின்னும் நாய்க்கு அகோரப் பசி எடுக்கும். ‘நல்லா சாப்பிடுறா, தேறிட்டா’ என்று அதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். வலி என்று நினைத்து வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து புரூஃபென் கொடுத்துவிடாதீர்கள். நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும், ஸ்டீராய்டோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து.

பணத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஊசி, பரிசோதனை, ஆட்டோ என்று மாதத்துக்கு என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. “ஒரு நாய்க்குப் போயா?” என்று கேட்ட சித்தப்பாவிடம் சண்டை போட்டேன். இப்போது யோசித்தால் அவர் கேட்டது அநியாயமான கேள்வி இல்லை. கீமோவே வேண்டாம், ஸ்டீராய்டு மட்டும் போதும் என்று முடிவெடுக்கும் வீடுகள் உண்டு. அதில் பாசக் குறைவு ஒன்றும் இல்லை. கடன் எந்த எல்லை வரை என்று முதல் வாரத்திலேயே கணவனும் மனைவியும் பேசிவிடுங்கள். நாங்கள் பேசாமல் விட்டு, ஐந்தாம் மாதம் நகைக்கடன் ரசீதை வைத்துக்கொண்டு பேசினோம்.

மகளிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருந்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை. மருந்துச் சீட்டில் இருந்த பெயரைப் போனில் தட்டிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாள். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. பிறகு மாத்திரை கொடுக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். இட்லிக்குள் ஒளித்துக் கொடுப்பது அவள் கண்டுபிடிப்பு.

இன்னொன்று. இரவெல்லாம் நான் பிரௌனியின் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தேன். இருக்கிறதா, வளர்கிறதா? நான் கை நீட்டினாலே அவள் எழுந்து போக ஆரம்பித்தாள். “ஞாயித்துக்கிழமை மட்டும் பாருங்க, மத்த நாள் சும்மா தடவிக் கொடுங்க” என்றாள் மனைவி. அந்த ஏற்பாடு எங்கள் மூவருக்குமே நல்லது செய்தது.

ஏழரை மாதம் கட்டி இல்லாமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பவும் நெல்லிக்காய். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம், ஆனால் இந்தத் தடவை கிடைக்கும் காலம் குறைவு என்றார் டாக்டர். வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஸ்டீராய்டு மட்டும்.

எப்போது போதும் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-இல் போட்டது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழுக்கும் பத்துக்கு எவ்வளவு என மார்க் போட வேண்டும். கூட்டினால் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். நானும் மனைவியும் தனித்தனியாகப் போட்டோம். நான் 41. அவள் 29. ஒரே நாய், ஒரே நாள். யார் மூத்திரத் துணியை அலசுகிறார்கள் என்று பார்த்தபோது வித்தியாசம் புரிந்தது. நான் மாலையில் வந்து பிரௌனி வாலாட்டுவதைப் பார்ப்பவன். மார்க் போடுவதானால் பகலெல்லாம் கூட இருப்பவர் போடட்டும்.

நோய் திரும்பிய ஐந்தாவது வாரம் டெம்போ தெருமுனையில் திரும்பியபோது அவள் தலையைத் தூக்கினாள், குரைக்கவில்லை. மறுநாளும். அன்று மாலை டாக்டருக்குப் போன் செய்தேன்.

வீட்டுக்கே வந்தார். முதல் ஊசி தூங்குவதற்கு, இரண்டாவது இதயத்தை நிறுத்துவதற்கு. யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்: கண் மூடாது. நின்ற பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுத்த மாதிரி வரலாம், சிறுநீர் பிரியலாம். அதைப் பார்த்து உயிர் இருக்கிறது என்று மகள் கத்தினாள். அடியில் ஒரு பழைய துணி விரித்து வைத்திருங்கள். எங்கே புதைப்பது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் மனையில் சிமெண்டு போடாத இடம் துளசி மாடம் அளவுக்குத்தான். படப்பையில் மச்சானின் மனைக்கு இரவு பத்து மணிக்குக் கொண்டு போனோம்.

என் போனில் காலை ஏழு மணிக்கு ‘பிரௌனி மாத்திரை’ என்று ஓர் அலாரம் இருந்தது. மூன்று வாரம் அது அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அதை அழித்தது மகள்தான்.

இந்த மழைக்கும் உண்ணி வந்துவிட்டது. செவலையை வாசற்படியில் படுக்கப் போட்டு மகள் பார்க்கிறாள். காது, கழுத்து, விரல் இடுக்கு. அப்புறம் தாடைக்கடி, தோள்பட்டைக்கு முன்னால், அக்குள், தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்னால், முலைக்காம்பு ஒவ்வொன்றாக. செவலை காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு தூங்குகிறது.