கைத்தொலைபேசியும் இல்லற அமைதியும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள தொழில் வட்டாரத்திற்குக் கைத்தொலைபேசி புதியதன்று. 2006 ஆம் ஆண்டில் இங்கு இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 இல் மூடப்பட்டது. எனினும் வேறு ஆலைகளில் அத்தொழில் இன்றும் நடைபெற்று வருகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. தண்டலம் போன்ற ஊர்களில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஷிப்டு வேலைக்குச் செல்கின்றனர். கணவன் பகலிலும் மனைவி இரவிலும் வேலைக்குச் செல்லும் இல்லத்தில், இருவரையும் இணைப்பது பெரும்பாலும் இக்கருவியே. மணம் புரிய எண்ணியுள்ள இளைஞருக்கும் அவ்வாறே.

இதனால் விளையும் இன்னல்கள் யாவை?

முதலாவது, உறக்கக் குறைவு. படுக்கையில் நெடுநேரம் திரையைப் பார்ப்பதால் தூக்கம் தள்ளிப்போகிறது. இரவு வேலையால் முன்னரே உறக்கம் குலைந்தோருக்குச் சினமும் சோர்வும் மிகுகின்றன.

இரண்டாவது, ஐயம். அனுப்பிய செய்திக்கு உடனே மறுமொழி வராவிடில் மனம் பலவாறு எண்ணுகிறது. ஆனால் ஆலைக்குள் கைத்தொலைபேசி எடுத்துச் செல்லலாகாது என்ற விதி பல இடங்களில் உண்டு. எட்டு மணி நேர மௌனம் வேலையின் விதியேயன்றி, அன்பின் குறைவன்று.

மூன்றாவது, மிரட்டல். நம்பி அனுப்பிய படத்தைக் காட்டி அச்சுறுத்துவோர் உளர். ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவது, தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாகும்.

இவற்றைக் கண்டு, பெண்கள் கைத்தொலைபேசி வைத்திருக்கலாகாது எனத் தடுக்கலாமா? குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் சூரஜ் என்ற கிராமம் 2016 இல் மணமாகாத பெண்களுக்கு இத்தகைய தடை விதித்தது. தடையால் பழக்கம் மறைவிடத்திற்குச் செல்லுமேயன்றி ஒழியாது. ஒளித்து வைத்த தொலைபேசியில் மிரட்டல் வந்தால், அப்பெண் யாரிடம் சென்று முறையிடுவாள்? தண்டனைக்கு அஞ்சி வாய் மூடியிருப்பாள். மிரட்டுவோனுக்கு அதுவே வசதியாகும்.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தடையைவிட நம்பிக்கையை வளர்த்தல் வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416, பெண்கள் உதவிக்கு 181, இணையக் குற்றப் புகாருக்கு 1930 ஆகிய எண்களைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். கிராம சபையில் இவற்றின் பயனை விளக்கலாம். புகார் கூற வருவோரின் பெயரை வெளியிடாது காத்தல் இன்றியமையாதது.

குடும்பத்தினர் கைக்கொள்ளத்தக்கவை எளியவை. ஷிப்டு நேரத்தை ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லுங்கள். சண்டையை எழுத்தில் வளர்க்காது, நேரில் பேசித் தீருங்கள். உறங்குமுன் கருவியை எட்டத்தில் வையுங்கள். மகனோ மகளோ பல நாள் உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றித் தனித்திருந்தால், கடிந்துகொள்ளாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். துன்பம் நேர்ந்தபோது பிள்ளைகள் அஞ்சாமல் வந்து சொல்லும் வீடே பாதுகாப்பான வீடு. அத்தகைய வீடுகள் நிறைந்த ஊரே முன்னேறும் ஊர்.