பதினைந்தாம் தேதிக்குள்

கிறிஸ்துவுக்குள் அன்பான மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே பாளையங்கோட்டையில் எல்லோரும் சுகம். நீ திருப்பூரில் முதல் சம்பளம் வாங்கிவிட்டாய் என்று உன் அப்பா சொன்னபோது மனம் நிறைந்தது. வாட்ஸ்அப்பில் நீ நீளமாகக் கேட்டிருந்தாயே, அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வராது. பேனா பிடித்து உட்கார்ந்தால்தான் யோசனை ஓடும்.

கம்ப்யூட்டரில் வசன ஸ்டிக்கர் ஒட்டலாமா, கேன்டீனில் கண்ணை மூடி ஜெபித்தால் கேலி செய்வார்களா, ஆயுத பூஜைப் பொரியை வாங்கலாமா, ஆபீசில் எப்படிச் சாட்சியாக இருப்பது என்று கேட்டிருந்தாய். ஸ்டிக்கர் உன் இஷ்டம். ஜெபித்துவிட்டே சாப்பிடு, ஆனால் சோறு ஆறுவதற்குள் முடித்துக்கொள். பொரிக்குப் பிறகு வருகிறேன். கடைசிக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

நீ இருப்பது பனியன் கம்பெனியின் சம்பளப் பிரிவில். டெய்லர், செக்கிங், பேக்கிங் ஆட்களின் வருகை, பீஸ் ரேட், ஓ.டி., பிடித்தம் எல்லாம் உன் கையைத் தாண்டித்தான் போகிறது. அப்படியானால் உன் விசுவாசம் முதலில் தெரிய வேண்டிய இடம் அந்த எக்ஸெல் ஷீட்தான். ஸ்டிக்கர் எல்லாம் அதற்குப் பிறகு.

ஜனவரி முதல் தேதி வேத வாசிப்பு அட்டவணையோடு ஆரம்பித்து, ஆதியாகமம், யாத்திராகமம் வரை ஓடி, லேவியராகமத்தில் படுத்துவிடுகிறவர்கள் நம் குடும்பத்தில் அதிகம். உன் அப்பாவும் அதில் ஒருவர். பலிகளும் தோல் வியாதிகளும் இருக்கட்டும், 19-ஆம் அதிகாரத்தை மட்டும் ஒருநாள் நிதானமாகப் படி. வயலை ஓரம்வரை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். கூலியாளின் கூலியை மறுநாள் காலைவரை கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. குருடன் போகும் வழியில் தடுக்குகிறதைப் போடக் கூடாது. ஏழை என்றும் பெரிய மனிதன் என்றும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முடிவில் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்க வேண்டும் என்று வரும். தன்னைப்போல் பிறனையும் நேசிக்கச் சொல்லும் கட்டளை இவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது. இயேசு பிரதான கட்டளைகளைச் சொன்னபோது இரண்டாவதாக எடுத்தது இதைத்தான். கன்வென்ஷன் மேடையில் அதைத் தனியே உருவியெடுத்து உருக்கமாகப் பேசுகிறோம். மோசேயின் புத்தகத்திலோ அதற்கு முன்னால் கூலி நிற்கிறது, பின்னால் எடைக்கல் நிற்கிறது.

இப்போது உன் மேஜைக்கு வா. பி.எஃப்.புக்கு ஆளின் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12. இ.எஸ்.ஐ.க்கு ஆளிடம் 0.75, கம்பெனியிடம் 3.25. இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாதா அத்தை என்பாய். தெரியும். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் நிற்கிற ஆளை நினைத்துப் பார். கர்ப்பமாயிருக்கும் ஒரு டெய்லருக்கு இ.எஸ்.ஐ. மகப்பேறுத் தொகை கிடைக்க வேண்டுமானால், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளாவது அவள் பெயரில் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். மாதக் கணக்கில் அவள் வேலைக்கு வந்த நாட்களை நீ அசட்டையாகக் குறைத்துத் தட்டிவிட்டால் அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது. பிரசவம் முடிந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆபீஸ் கவுண்டரில் நிற்கும்போதுதான் அவளுக்குத் தெரியவரும்.

பி.எஃப்.பிலும் இதே கதைதான். ஆதாரில் பெயர் ஒரு விதம், பி.எஃப். பதிவில் வேறு விதம். ஓர் எழுத்து கூடியிருக்கும், இன்ஷியல் முன்னே பின்னே போயிருக்கும், பிறந்த தேதி மாறியிருக்கும். வேலையில் இருக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது. கல்யாணமாகி ஊருக்குப் போனவள் தன் பணத்தை எடுக்க விண்ணப்பித்தால் நிராகரித்துவிடுவார்கள். பஸ் பிடித்துத் திருப்பூருக்கு வந்து, பதிவைத் திருத்தும் ஜாயிண்ட் டிக்ளரேஷனுக்குக் கம்பெனியின் ஒப்புதல் வாங்க கேட்டில் காத்து நிற்பாள். வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். வேலையை விட்டுப் போனவளுக்காக யார் எழுந்து வருவார்கள்? நீ எழுந்து போ. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து முடித்துக் கொடு. இதைவிட முக்கியம், புதிதாகச் சேருகிறவர்களின் பெயரை முதல் நாளே ஒழுங்காக ஏற்றுவது. இதற்கு யாரும் சபையில் எழுந்து சாட்சி சொல்லப் போவதில்லை. சொல்லவும் வேண்டாம்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் உங்கள் கம்பெனியிலும் இருப்பார்கள். பே ஸ்லிப் அவர்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கும், எதற்கு எவ்வளவு பிடித்தோம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தியில் எண்களையும் நாலு வார்த்தையும் கற்றுக்கொண்டால் பிடித்தம் என்ன, கையில் வருவது என்ன என்று உன்னால் விளக்கிவிட முடியும். லேவியராகமம் பரதேசி என்று திரும்பத் திரும்பச் சொல்வது இப்படிப்பட்டவர்களைத்தான்.

சரி, கணக்கை மாற்றி எழுதச் சொன்னால்? பையர் ஆடிட்டுக்கு ஒரு வருகைப் பதிவேடு, உள்ளுக்கு ஒன்று என்று எங்கேயும் நடக்கக்கூடியதுதான். ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வருகிற விதி. அதைக் கொடுக்காததை மறைக்கத்தான் இரண்டாவது பதிவேடு. இந்த இடத்தில் உனக்கு ஒரு ஆளை அறிமுகப்படுத்துகிறேன். உன் தொழில்காரர்தான்.

ஜே.சி. குமரப்பா 1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம், பிறகு அமெரிக்காவில் பொருளாதாரம். 1929-இல் காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டும் போயிற்று, பழைய வாழ்க்கையும் போயிற்று. 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் புரட்டிப்போட்டபோது, ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் கணக்கு வழக்கு அவர் பொறுப்பில் வந்தது. தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு நாளுக்கு மூன்று அணாவுக்கு மேல் கிடையாது என்று கறாராக வைத்திருந்தார். காந்தியே தம் குழுவோடு வந்தார். பழமும் ஆட்டுப்பாலும் மூன்று அணாவுக்குள் அடங்குமா? அந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று குமரப்பா சொல்லிவிட்டார். காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார். வீடிழந்தவனுக்காக வந்த காசு அவனுக்குத்தான், மகாத்மாவாக இருந்தாலும் அதில் கைவைக்க முடியாது என்பதுதான் கணக்கு. இதே மனிதர் பிற்பாடு சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றி இன்னொன்று எழுதினார். கடைசிக் காலத்தை நம் பக்கத்துக் கல்லுப்பட்டியில் கழித்து 1960-இல் மதுரையில் இறந்தார். நம் சபைகளில் இவர் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை. வெளிநாட்டு மிஷனரிகளின் சரித்திரத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்யவைக்கிறோம், தஞ்சாவூர்க்காரரை விட்டுவிட்டோம்.

குமரப்பா முன்கோபி என்றும் பெயரெடுத்தவர். அதை மட்டும் நீ பின்பற்ற வேண்டாம். பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் எல்லோர் முன்னாலும் வசனம் சொல்லிச் சண்டை போடாதே. மேனேஜரைத் தனியாகப் பார்த்து, மெதுவான குரலில், "சார், இதில் என் கையெழுத்து வராது, ஷிஃப்டைப் பிரித்துச் சரியாகப் போட்டுக் காட்டட்டுமா" என்று கேள். வழி சொல்லிக்கொண்டே மறுத்தால் பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேருக்காக ஒன்று சொல்கிறேன், எந்தப் போதகரும் சொல்லாதது: மூன்று மாதச் செலவுக்கான பணத்தைப் பேங்கில் தனியாகச் சேர்த்து வை. தவணையில் போன், தவணையில் ஸ்கூட்டி என்று மாட்டிக்கொண்டவளுக்கு "மாட்டேன்" என்ற வார்த்தை தொண்டையைத் தாண்டி வராது. தைரியத்துக்காக ஜெபி, ஆர்.டி.யும் போடு.

புறங்கூறக் கூடாது என்பதும் அதே 19-ஆம் அதிகாரம்தான். ஆபீஸ் புறணியை நீயே அடையாளம் கண்டுகொள்வாய். நம் ஆட்களுடைய புறணிதான் ஆபத்தானது, அது ஜெபக் குறிப்பு என்ற உடுப்பில் வரும். "அந்த அக்கா வீட்டில் சமாதானம் இல்லையாம், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தால், பேசி முடிக்க அரை மணி நேரம் ஆகும், ஜெபம் மட்டும் நடக்காது. அப்படி யாராவது ஆரம்பித்தால் "சரி, இப்போதே ஜெபிப்போமா" என்று கேட்டுப் பார்.

முதல் சம்பளத்தை முழுசாகக் காணிக்கை வைக்கணுமா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாளாம். வை, ஆனால் வீட்டில் அவசரக் கடன் இருந்தால் அதை முதலில் பார். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது. எனக்குப் பெரிய தொகையைவிடப் பழக்கம் பெரிது. நம் பக்கத்துப் பெண்கள் உலைக்கு அரிசி அளக்கும்போதே ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். சமைத்து மீந்ததை அல்ல, சமைப்பதற்கு முன்பே எடுத்தது. பல சபைகளின் ஊழியம் அந்தக் கைப்பிடி அரிசியில் நடந்திருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா முன்னின்று 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் ஆட்களின் காசிலேயே தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1912-இல் அவரே தோர்ணக்கல் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். ஹாஸ்டலில் உனக்கு உலையும் இல்லை, பானையும் இல்லை. சம்பளம் ஏறின அன்றைக்கே, செலவு தொடங்கும் முன், உன் கைப்பிடியை எடுத்துவிடு. அதில் ஒரு பங்கு சபைக்கு, ஒரு பங்கு உன் கண்ணெதிரே கஷ்டப்படுகிற ஒருவருக்கு.

இன்னொன்று, நீ கேட்காதது. அசனப் பண்டிகைக்கு ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்ததும் சாதி வந்துவிடுகிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் இருக்கிறது. சபைக்குள் சாதி கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் கண்டிப்பாக எழுதினார், அதற்காகச் சபையை விட்டுப் போனவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. இப்போது யாரும் போவதில்லை. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் உட்பிரிவு போட்டு வரன் தேடுகிறோம். உன் அப்பா மேட்ரிமோனி படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது நீ பக்கத்தில் இரு. அவர் உன்னிடம் கோபப்பட்டால் என்னிடம் பேசச் சொல்.

பொரி பாக்கி இருக்கிறது. இதில் நம் சபையிலேயே இரண்டு கட்சி உண்டு. விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை வைத்தே இரண்டு கட்சியும் பேசும். நான் வாங்கிச் சாப்பிடுகிறவள். உன் மனச்சாட்சி உறுத்தினால் வேண்டாம் என்று சிரித்த முகமாகச் சொல், கொடுத்தவரின் முகம் சுருங்கக் கூடாது. ஆனால் முந்தின நாள் மிஷின் துடைக்கவும் தரை கழுவவும் நீயும் கூட நில். கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு வேண்டுமானால், ரம்ஜானுக்கும் சட் பூஜைக்கும் மற்றவர்கள் லீவு கேட்கும்போது அவர்கள் வேலையை நீ வாங்கிச் செய்திருக்க வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு ஞாயிறு ஆராதனை தவறினால் உலகம் இடிந்துவிடாது. மாதக்கணக்கில் தவறினால் மேனேஜரிடம் பேசு.

உன் அப்பா அடுத்த வாரம் அங்கே வருகிறார், முந்திரிக்கொத்து கொடுத்தனுப்புகிறேன். உன் அறையில் எத்தனை பேர் என்று சொல், எண்ணிப் போட வேண்டும். வாட்ச்மேனையும் கணக்கில் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
உன் அத்தை