பலேர்மோவுக்குத் தொண்டாற்றச் செல்லுமுன்

கேள்வி: இத்தாலியின் பலேர்மோ நகரில் ஓராண்டு தன்னார்வத் தொண்டு செய்ய விரும்பும் இந்தியர், புறப்படுமுன் எவற்றை ஆயத்தப்படுத்த வேண்டும்?

பதில்: இத்தாலியச் சட்டம் தன்னார்வத் தொண்டுக்கான நுழைவை 25 முதல் 35 வயது வரை உள்ளோருக்கே, அரசு வரையறுக்கும் எண்ணிக்கைக்குள் மட்டுமே, அனுமதிக்கிறது. இவ்வரையறைக்குள் வருவோருக்கு முதலில் வேண்டுவது வரவேற்கும் நிறுவனத்துடன் எழுத்து ஒப்பந்தம். பணிநேரம், தங்குமிடம், உணவு, காப்பீடு ஆகியவற்றை அதில் எழுதித் தராத நிறுவனத்தை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பது பெருந்தவறு. ‘அப்போஸ்டில்’, அதாவது சான்றிதழை வெளிநாடு ஏற்கும் வகையில் நம் வெளியுறவு அமைச்சகம் வழங்கும் சான்றொப்பம், தேவைப்படும் ஆவணங்களுக்கு இந்தியாவிலேயே பெறப்பட வேண்டும். போய்ச் சேர்ந்த 8 வேலை நாட்களுக்குள் ‘பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ’ எனப்படும் வசிப்பு அனுமதிக்கான நடைமுறையைத் தொடங்க வேண்டும்.

ஆவணங்களினும் பெரிய ஆயத்தம் மொழியே. வீடற்றோருக்காகப் பியாஜோ கோந்தே 1991இல் பலேர்மோவில் தொடங்கிய பணி போன்றவற்றில், பசித்து வந்தவரின் பேச்சைப் புரிந்துகொள்ளாமல் பரிமாறுவது பாதித் தொண்டே. அந்நகரில் இலங்கைத் தமிழர் நெடுங்காலமாக வாழ்வதும், அவர்களுள் இந்துக்களும் மோந்தே பெல்லெக்ரீனோ மலையேறிச் கத்தோலிக்கப் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலில் வழிபடுவதும் தனிமையில் ஆறுதல் தரும். எனினும் அவ்வாறுதல் மொழிப்பயிற்சிக்கு ஈடாகாது. ஆறு மாதமேனும் இத்தாலியம் கற்ற பின்னரே விண்ணப்பிப்பது நன்று.