முதலில் அனுமதி, பிறகு அஸ்திவாரம்



திருப்பாலைக்குடி போன்ற நம் ஊர்களில் மளிகைக் கடை வீட்டோடு சேர்ந்தே வளர்கிறது. முதலில் திண்ணையில் நாலு டின். பிறகு முன்னறைச் சுவரை இடித்து ஒரு ஷட்டர். வியாபாரம் கூடினால் மாடியில் சரக்கு அறை. கொத்தனாரைக் கேட்கிறோம், நல்ல நாள் பார்க்கிறோம். அனுமதியை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

அதனால் வரும் நஷ்டத்துக்கு உத்தரப்பிரதேசத்து மீரட் நகர வழக்கு ஒரு பாடம். அங்கே குடியிருப்புக்கென ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டி விற்றார்கள். வாங்கியவர்கள் பல ஆண்டுகள் வியாபாரம் செய்தார்கள். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்பு உத்தரவை உறுதி செய்தது. காலம் கடந்ததாலோ, பணம் போட்டதாலோ, அதிகாரிகள் கண்டுகொள்ளாததாலோ விதிமீறல் முறையாகிவிடாது என்றது. 2025 அக்டோபரில் அந்தக் கடைகள் இடிக்கப்பட்டன.

அதே தீர்ப்பில் நம் எல்லோரையும் தொடும் உத்தரவு ஒன்று உண்டு. அனுமதியில்லாத கட்டடத்தில் வியாபாரம் செய்ய உரிமம் தரக்கூடாது. பணி முடிப்புச் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் வங்கிகள் கடன் தரவேண்டும் என்பதே அது.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. வெள்ளையடிப்பு, பூச்சு வேலை போன்ற சில்லறைப் பழுதுகளுக்கு அனுமதி தேவையில்லை. புது அறை, மேல்தளம் ஆகியவற்றுக்குத் தேவை. சுவரைத் தொடாமல் வீட்டைக் கடையாக மாற்றினாலும், 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி அது உபயோக மாற்றமே.

2. 2024 ஜூலையில் வந்த சுய சான்றிதழ் முறையில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட இணையதளம் வழியே உடனே அனுமதி பெறலாம். ஆனால் அது குடியிருப்புக்கு மட்டும். வீடு என்று எழுதி வாங்கிக் கடை நடத்தினால் அந்த அனுமதி நமக்கு உதவாது.

3. கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறத்தில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் பொதுவாகக் கூடாது. முறைப்படி ஏற்கெனவே உள்ள கட்டடத்தைப் பரப்பு கூடாமல் பழுது பார்க்கலாம். மேலே ஒரு தளம் ஏற்ற முடியாது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அந்தச் சலுகை அங்கீகரித்த வரைபடத்தைப் பொறுத்தது. ஆகவே நம் சர்வே எண் எந்தப் பகுதியில் வருகிறது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

4. பத்திரம், பட்டா, அனுமதி ஆணை, முத்திரையிட்ட வரைபடம் நான்கையும் ஒரே கட்டாக வைத்திருங்கள். வரைபடத்தில் இல்லாத ஓர் அடியையும் கொத்தனார் சொன்னார் என்று கூட்டாதீர்கள்.

பில் இல்லாத சரக்கை நாம் கிடங்கில் இறக்குவதில்லை. அந்தக் கவனம் கிடங்கைக் கட்டும்போதும் வேண்டும்.