அபயதானம் – ஒரு பாடம்

சிராவகர் ஆற்றவேண்டிய தானங்கள் நான்கென நம் ஆன்றோர் வகுத்துள்ளனர். அவை ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் என்பன. முதல் மூன்றும் கையால் ஈயத்தக்க பொருள்கள். நான்காவதோ, அஞ்சி வந்த உயிருக்கு ‘அஞ்சாதே’ என்னும் உறுதியை ஈவது. கூண்டுப் பறவையை விடுவித்தலும், கொலைக்குச் செல்லும் ஆட்டை மீட்டலும் அபயதானம் என்பதை நம் பிள்ளைகள் அறிவர். அடைக்கலம் வேண்டி வரும் மனிதருக்கும் அத்தானம் உரியது என்பதை வரலாற்று நிகழ்ச்சிகள் இரண்டால் உணரலாம்.

1939ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து ‘செயின்ட் லூயிஸ்’ என்னும் கப்பல் புறப்பட்டது. அதிலிருந்த 937 பயணிகளுள் ஏறத்தாழ அனைவரும் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பிய யூதர். கியூபா நாட்டில் 28 பேருக்கே இறங்க இடம் கிடைத்தது. எஞ்சியோர் அமெரிக்கக் கரையை நெருங்கி, மயாமி நகரத்து விளக்குகளைக் கண்டனர். ஆயினும் அந்நாடு கதவைத் திறக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து ஆண்டுக்கு 27,370 பேரே குடியேறலாம் என்பது அதன் விதி. அவ்வரிசையில் முன்னரே பலர் காத்திருந்தனர். கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து ஆகிய நாடுகள் பயணிகளை ஏற்றன. பின்னர் நாஜிப் படைகள் பரவியபோது அவர்களுள் 254 பேர் மாண்டனர்.

அவ்வாண்டிலேயே, 20,000 குழந்தைகளை வரம்புக்கு மேற்பட ஏற்க வேண்டுமென அமெரிக்கப் பாராளுமன்றத்தில் கொணரப்பட்ட மசோதா, வாக்கெடுப்புக்கு வராமலே மடிந்தது. வேலையின்மை பற்றிய கவலையும், அயலார் மீதான ஐயமும், யூத வெறுப்பும் அதற்குக் காரணங்களாயின. 1944 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் போர் அகதிகள் வாரியம் அமைத்தார். அது பல்லாயிரவரைக் காத்தது. எனினும் அதற்குள் பல இலட்சம் யூதர் கொல்லப்பட்டிருந்தனர்.

அதே போர்க்காலத்தில் நம் நாட்டில் நிகழ்ந்தது இரண்டாவது நிகழ்ச்சி. சோவியத் ஆட்சியினரால் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் கடத்தப்பட்ட போலந்து மக்களின் குழந்தைகள் பலர், பெற்றோரை இழந்து பசியால் வாடினர். அவர்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறித்தவர். 1942இல் நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி, ஜாம்நகரை அடுத்த பாலாச்சடியில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தங்குமிடம் அமைத்தார். தம்மைத் தந்தையாகக் கருதுமாறு அவர்களிடம் கூறினார். அவர்கள் தம் மொழியையும் சமயத்தையும் பேணவும் வழிசெய்தார். வார்சா நகரில் இன்றும் ‘நல்ல மகாராஜா சதுக்கம்’ அவர் நினைவாக விளங்குகிறது.

நவாநகர் ஆங்கிலேயருக்கு உட்பட்ட சிற்றரசு. அமெரிக்காவோ செல்வம் மிக்க வல்லரசு. எனவே, அபயதானத்திற்கு வேண்டுவது மிகுபொருள் அன்று. அஞ்சி வந்தவரை நம்மவராகக் கருதும் உள்ளமே.

இம்சைக்கு அடிப்படை ‘பிரமாதம்’ என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. இன்றைய பேச்சுவழக்கில் ‘மிகச் சிறப்பு’ எனப் பொருள்படும் இச்சொல், சாத்திரத்தில் கருத்தின்மையைக் குறிக்கும். கொன்றவரின் பாவமும் கதவடைத்தவரின் குற்றமும் ஒன்றல்ல. ஆயினும், ‘விதிப்படியே நடந்தோம்’ என்பதனால் மட்டும் கருத்தின்மை அறமாகிவிடாது.

இப்பாடம் நம் வாயிலுக்கும் உரியது. 1983 முதல் இலங்கைத் தமிழர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்துக்கு அடைக்கலமாக வந்தனர். நம் தாயில்பட்டி அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்திலும் ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை முதலிய ஊர்களில் அவர்களுக்கு முகாம்கள் ஏற்பட்டன. 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறினாற் போதாது. நம் பார்வையும் மாறவேண்டும். முகாமில் பிறந்த மாணவன் நம் பிள்ளையுடன் ஒரே பலகையில் அமர்கையில், ‘அவன் அகதி’ என்னும் சொல் நம் இல்லத்திலிருந்து எழுமாயின், நாம் விடுவித்த பறவைகளால் என்ன பயன்? எறும்புக்கு விலகி நடக்கும் கால், மனிதருக்கும் வழிவிட வேண்டாவா?

பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து சிந்திக்க:

1. நால்வகைத் தானங்களுள் அபயம் பிற மூன்றினின்றும் எவ்வாறு வேறுபடுகிறது?
2. சட்டத்திற்கு உட்பட்ட செயல் எப்பொழுது அறத்திற்குப் புறம்பாகும்?
3. இவ்வாண்டில் நம் குடும்பம் அபயம் அளிக்கத்தக்கவர் யாவர்?

மூன்றாம் வினாவுக்கு விடையைச் செயலால் எழுதுக.