கூடலூர் சாலையில் கடை போடுமுன்

கார்த்திகை நெருங்கினால் கூடலூரில் கடை வாடகைப் பேச்சு சூடுபிடிக்கும். தேனியிலிருந்து குமுளி போகும் சாலை ஊருக்குள் புகுந்துதான் போகிறது. மகரஜோதி முடியும்வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளுக்குக் குறைவிருக்காது. சாலையோரம் நாலடி இடம் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று புதிதாகத் தொழிலுக்கு வருபவர் கணக்குப் போடுகிறார். எத்தனை வண்டி போகிறது என்று எண்ணுகிறவர், அது எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

கூட்டம் மிகும் நாட்களில் போலீஸார் இங்கே ஒருவழிப் பாதை அமல்படுத்துவார்கள். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் கம்பத்திலேயே திரும்பி, கம்பம்மெட்டு வழியாக மலையேறும். சாமி பார்த்துவிட்டு இறங்குகிற வண்டிகள்தான் குமுளி, லோயர்கேம்ப் வழியாகக் கூடலூருக்கு வரும். அந்த நாட்களில் இங்கே துளசி மாலையும் இருமுடிப் பையும் அடுக்கி வைத்தால் போணியாகுமா? வண்டியை நிறுத்துகிறவர் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போக நினைப்பவர். சிப்ஸும் ஏலக்காயும் குமுளியிலேயே வாங்கி முடித்திருப்பார்.

அங்கே கிடைக்காத எதைக் கூடலூர் கொடுக்க முடியும்? பன்னீர் திராட்சை. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தோட்டம் பக்கத்திலேயே இருப்பதால் காலையில் வெட்டிய பழத்தை அன்றே விற்கலாம். ஆனால் இது நாள்கணக்கில் தாங்குகிற பழம் இல்லை. திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவருக்குப் பையில் கொட்டிக் கொடுத்தால், ஊர் போய்ச் சேர்வதற்குள் நசுங்கிவிடும். நசுங்கிய பழத்தோடு கடையின் பெயரும் போகும். ஒரு கிலோ, இரண்டு கிலோ அட்டைப்பெட்டிக்குச் செலவழிப்பது வீண் செலவு அல்ல.

இத்தனையும் இரண்டு மாதக் கதை. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை வெடித்து, சீசன் நேரத்திலேயே குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. 2020-இல் கொரோனாவால் சபரிமலையிலேயே பக்தர் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் சுருக்கினார்கள். சீசனை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு இறக்கியவருக்கு அந்த இரண்டு வருடமும் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மீதி பத்து மாதம் கடையை நடத்தப் போகிறவர் யார்? பொழுது விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து ஜீப் ஜீப்பாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். அதிகாலையில் அவர்களுக்குச் சூடாக ஒரு டிபன் பார்சல் வேண்டும். சாயங்காலம் இறங்கி வரும்போது காய்கறியும் பலசரக்கும் வேண்டும். போர்டு வைத்த பெரிய கடை எட்டு மணிக்குத் திறக்கும்போது, நாலு மணிக்கே அடுப்பு மூட்டியவர் பாதி வியாபாரத்தை முடித்திருப்பார். கவர்ச்சியான தொழில் இல்லைதான். ஆனால் ஹட்சன் நிறுவனர் ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் சென்னையில் 13,000 ரூபாயோடு ஆரம்பித்ததும் வெறும் குச்சி ஐஸ்தான். பெரிய பிராண்டுகள் சென்னையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவை கண்டுகொள்ளாத சிற்றூர்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார்.

முதலீடு விஷயத்தில்தான் பலர் விழுகிறார்கள். வாசலுக்கே வருகிறது என்று தண்டல் பணத்தில் கை வைப்பது. 10,000 ரூபாய் என்று பேசி 8,500-ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலித்தால், அது ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீத வட்டி. இட்லிக் கடையில் அந்த லாபம் எங்கிருந்து வரும்? அடமானம் இல்லாத முத்ரா கடனில் 50,000 ரூபாய் வரைக்கும் ‘சிசு’ என்றே தனிப்பிரிவு இருக்கிறது. வங்கிக்கு நாலு முறை நடக்கும் அலுப்பு, நூறு நாள் தண்டல்காரருக்குப் பதில் சொல்வதைவிடக் குறைவுதான்.

கொஞ்சம் பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள், மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். அதில் நகர்ப்புறத்தில் பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 25 சதவீத மானியம். கிராமத்தில் 35 சதவீதம். கூடலூர் நகராட்சி, பக்கத்துக் கருநாக்கமுத்தன்பட்டி ஊராட்சி. திராட்சை ஜூஸ் யூனிட் போடுகிறவர் இடம் பிடிக்கும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது. மானியத்தைக் கையில் தரமாட்டார்கள். வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். அதுவரை தவணை கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்குக் கட்டணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.